காலுக்கு வடக்கே ஓர் எறும்பு

ஒரு மேசை. அதன்மேல் மூன்று பொம்மைகள்: பசு, குதிரை, பன்றி. மூன்றும் உங்கள் வலப்பக்கம் பார்த்து வரிசையாக நடந்துபோகிற மாதிரி வைத்திருக்கிறார்கள். நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பிறகு பொம்மைகளை எடுத்துவிட்டு உங்களை முழுதாகத் திருப்பி, முதுகுக்குப் பின்னால் இருக்கும் இன்னொரு மேசை முன்னால் நிறுத்தி, பொம்மைகளைக் கையில் கொடுத்து, "முதலில் இருந்த மாதிரியே அடுக்குங்கள்" என்கிறார்கள்.

சென்னையிலோ கோவையிலோ அடுக்குமாடியில் குடியிருப்பவர் என்றால் நீங்கள் பெரும்பாலும் மறுபடியும் வலப்பக்கம் பார்த்தே அடுக்குவீர்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுகூடத் தோன்றும். ஆனால் முதல் மேசையில் பசு கிழக்கே பார்த்து நின்றிருந்தால், நீங்கள் திரும்பி நின்று அடுக்கியதில் அது மேற்கே பார்த்து நிற்கிறது. "அடடா, மாத்தி வச்சுட்டீங்களே" என்று சொல்லக்கூடியவர்கள் உலகத்தில் கொஞ்சநஞ்சமல்ல.

1990-களின் தொடக்கத்தில், நெதர்லாந்தின் நைமேகன் நகரில் இருக்கும் மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்திலிருந்து ஓர் ஆய்வுக் குழு இப்படிப்பட்ட சோதனைகளோடு கண்டம் கண்டமாகப் போனது. குழுவின் தலைவர் ஸ்டீபன் லெவின்சன். டச்சுக்காரர்களும் ஜப்பானியர்களும் மேலே சொன்ன அடுக்குமாடிக்காரரைப் போலவே வலது, இடது கணக்கில் அடுக்கினார்கள். மெக்சிகோவின் சியாப்பாஸ் மலையில் டெனெஹாபா கிராமத்து மாயா மக்களும், நமீபியாவின் ஹைஓம் மக்களும், நடு ஆஸ்திரேலியாவின் அரெர்ன்டே மக்களும் திசை மாறாமல் அடுக்கினார்கள். உடம்பு திரும்பியது, பசு திரும்பவில்லை.

தமிழர்கள் எந்தப் பக்கம்? இதைப் பார்க்கத் தமிழ்நாட்டுக்கு வந்தவர் அந்தக் குழுவைச் சேர்ந்த எரிக் பெடர்சன். அவருக்குக் கிடைத்த விடை இரண்டு பக்கமும் என்பதுதான். நகரவாசிகள் இடம், வலம் என்று பேசினார்கள். கிராமத்தார் கிழக்கு, மேற்கு என்று பேசினார்கள். பேச்சே தேவைப்படாத சோதனையிலும் அவரவர் பேச்சுப் பழக்கத்தின் பக்கமே பெரும்பாலும் சாய்ந்தார்கள். 1993-லும் 1995-லும் அவர் இதைக் கட்டுரைகளாக எழுதினார். மொழியியலாளர் வட்டத்துக்கு வெளியே தமிழ்நாட்டில் இதைப் பற்றிப் பேசியவர் குறைவு.

எனக்கு ஆஸ்திரேலியாவைவிட, மெக்சிகோவைவிட, இந்தத் தமிழ்க் கணக்குத்தான் பெரிதாகப் படுகிறது. மற்ற இடங்களில் மொழி வேறு, அதனால் சிந்தனையும் வேறு என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். இங்கே மொழி ஒன்று. அதே இலக்கணம், அதே அகராதி. 'வடக்கு' என்ற சொல் இருவருக்கும் தெரியும், 'இடது' என்ற சொல்லும் தெரியும். வேறாக இருப்பது வாழ்கிற விதம் மட்டும்தான்.

ஹோப்வேல் கதை

இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டது ஆஸ்திரேலியாவின் வடகிழக்கு மூலையில், குயின்ஸ்லாந்தின் குக்டவுனுக்கு அருகே இருக்கும் ஹோப்வேல் என்ற ஊர். அங்கே பேசப்படும் பழங்குடி மொழி கூகு யிமித்திர். 1770-ல் ஜேம்ஸ் குக்கின் எண்டெவர் கப்பல் பவளப்பாறையில் மோதிப் பழுதாகி, செப்பனிடுவதற்காக இங்கேதான் கரை ஒதுங்கியது. 'கங்காரு' என்ற சொல் உலகத்துக்குக் கிடைத்தது இந்த மக்களின் வாயிலிருந்துதான்.

ஆனால் அந்தச் சொல்லைக் குறித்துக்கொண்டு போனவர்கள் கவனிக்காமல் விட்ட விஷயம் ஒன்று இருந்தது. அதை 1970-களில் அங்கே போய்த் தங்கி மொழி கற்ற ஜான் ஹாவிலண்ட்தான் விரிவாக எழுதினார். பொருள் எங்கே இருக்கிறது என்று சொல்ல 'எனக்கு இடது', 'உனக்கு வலது' என்கிற வழியே இந்த மொழியில் கிடையாது. எல்லாம் நான்கு திசைதான். காலடியில் எறும்பு ஊர்ந்தால் "உன் காலுக்கு வடக்கே எறும்பு" என்று எச்சரிப்பார்கள். தொலைக்காட்சியில் ஒரு கதாபாத்திரம் நம்மை நோக்கி நடந்துவந்தால், பெட்டி எந்தத் திசை பார்த்திருக்கிறதோ அந்தத் திசைக்கு அவர் வருவதாகச் சொல்வார்கள். பெட்டியைத் திருப்பி வைத்தால் கதையும் திரும்பும்.

லெவின்சனுக்கே இதில் ஒரு பாடம் கிடைத்தது. ஊரிலிருந்து கணிசமான தூரத்தில் இருந்த ஒரு கடையில் உறைய வைத்த மீன் எங்கே கிடைக்கும் என்று ஒரு பெரியவர் சொல்லிக்கொண்டிருந்தார். "இந்தப் பக்கம்" என்று கையை வீசிக் காட்டினார். கடைக்குள் நுழைந்ததும் வலப்பக்கம் என்று லெவின்சன் எடுத்துக்கொண்டார். பெரியவர் காட்டியது கடையின் வடகிழக்கு மூலையை. எங்கோ ஓரிடத்தில் உட்கார்ந்துகொண்டு, கண்ணுக்குத் தெரியாத கடையின் மூலையை, உள்ளபடி இருக்கும் திசையிலேயே சுட்டியிருக்கிறார். எதிரே இருப்பவரும் அந்தத் திசையை மனதில் குறித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்திருக்கிறார்.

இதைவிட நுணுக்கமானது படகு கவிழ்ந்த கதை. மிஷன் படகில் சாமான் ஏற்றிக்கொண்டு போகும்போது புயலில் படகு கவிழ்ந்து, சுறா இருந்த கடலில் நீந்திக் கரையேறியவர் ஒருவர். பிழைத்து வந்தவர்களைப் பார்த்துச் சந்தோஷப்படாமல், படகு போனதற்காகப் பாதிரியார் கோபப்பட்டார் என்பது கதையின் கடைசிக் குத்தல். இந்தக் கதையை 1980-ல் அவர் ஹாவிலண்டின் கேமரா முன்னால் சொன்னார். 1982-ல் லெவின்சனின் கேமரா முன்னால் மறுபடி சொன்னார். முதல் தடவை மேற்கே பார்த்து உட்கார்ந்திருந்தார். படகு கவிழ்ந்ததைக் காட்டும்போது கைகள் உடம்பிலிருந்து முன்பக்கமாக உருண்டன. இரண்டாம் தடவை வடக்கே பார்த்து உட்கார்ந்திருந்தார்; கைகள் வலமிருந்து இடமாக உருண்டன. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விளங்கும்: இரண்டிலும் படகு கிழக்கிலிருந்து மேற்காகவே கவிழ்கிறது. எத்தனையோ வருடத்துக்கு முந்தைய கடலும் காற்றும் திசை பிசகாமல் அந்த மனிதரின் கைகளில் இருந்தன.

இதைப் படித்ததும் பழங்குடிகளுக்குத் தலைக்குள் காந்தமுள் இருக்கிறது என்று சிலாகிக்கத் தோன்றும். அந்தச் சிலாகிப்பு எனக்கு ஒப்பவில்லை. அங்கே நடப்பது அன்றாடக் கடமை. 'இடது' என்று சொல்ல வழியில்லாத இடத்தில், சாயங்காலம் வீடு திரும்பி "இன்றைக்கு என்ன நடந்தது" என்று ஒருவர் கேட்டால், திசை தெரியாமல் பதில் சொல்ல முடியாது. எதைப் பற்றி யார் எப்போது கேட்பார்கள் என்றும் தெரியாது. ஆகவே எல்லாவற்றையும் எப்போதும் திசையோடு சேர்த்தே நினைவில் வைத்தாக வேண்டும். நான்கு வயதுப் பிள்ளையிலிருந்து எல்லாரும் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள், நாம் எதிரே வருபவரைப் பார்த்த மாத்திரத்தில் 'நீ'யா, 'நீங்க'ளா என்று கணக்குப் போடுகிற மாதிரி. வெளியூர்க்காரருக்கு அது பிரமிப்பாக இருக்கும். நமக்கு அது மூச்சு விடுவது.

தெக்க தள்ளி வை

இனி நம் பக்கம். கிராமத்துக் கல்யாண வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டால் போதும். "மாமா, அந்தச் செம்பக் கொஞ்சம் தெக்க தள்ளி வைங்க, கால் படப்போகுது." "ஏத்தா, மேக்க நகந்து உக்காரு, எல போடணும்." கிணற்றடி, களம், திண்ணை, எங்கும் இதே பேச்சு. கொங்குப் பக்கம் இது 'தெக்கால', 'மேக்கால' என்று வரும். ஒரு சாண் நகர்த்துவதற்குக்கூட நான்கு திசையைத் துணைக்குக் கூப்பிடுகிறோம் என்ற பிரக்ஞை பேசுகிறவருக்கு இருப்பதில்லை.

இந்தப் பழக்கத்துக்கு வேர் எங்கே என்று தேடினால், நிலத்தில்தான் போய் முட்டுகிறது. பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். எந்தக் கிரயப் பத்திரத்திலும் சொத்து விவரத்தில் செக்குபந்தி என்று ஒரு பகுதி வரும்: இன்னார் புஞ்சைக்கு வடக்கு, வண்டிப்பாதைக்குத் தெற்கு, வாய்க்காலுக்குக் கிழக்கு, இன்னார் கொல்லைக்கு மேற்கு, இதற்குள்பட்ட நிலம். இதில் 'இடப்பக்கம்' என்று எழுத முடியுமா? யாருக்கு இடம், எங்கே நின்று பார்த்தால் இடம்? வழக்கு வந்தால் நீதிமன்றம் சிரிக்கும். சோழர் காலச் செப்பேடுகளிலும் நிலத்துக்குக் கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை என்று இதே முறையில்தான் எல்லை குறித்தார்கள். நாகப்பட்டினத்து சூடாமணி விகாரத்துக்காக ராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடுத்தபோது பெண் யானையை நடக்கவிட்டு எல்லை சுற்றி வந்தார்கள் என்று லெய்டன் செப்பேடு என்று பெயர்பெற்ற செப்பேடு சொல்கிறது. நிலம் வைத்திருப்பவர், நிலத்தில் வேலை பார்ப்பவர், தண்ணீர் முறைக்குக் காத்திருப்பவர் எல்லாருக்கும் பொதுவான, நின்ற இடம் மாறினாலும் மாறாத கணக்கு வேண்டும். அதைத் திசை கொடுத்தது.

நம் திசைச் சொற்களிலேயே நிலத்தின் சரிவு இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். மலைத்தொடர் இருக்கும் மேடு மேற்கு. கடலை நோக்கிச் சரியும் கீழ்ப்பகுதி கிழக்கு. டெனெஹாபா மாயாக்களும் இப்படித்தான், அவர்கள் ஊர் தெற்கே உயர்ந்து வடக்கே தாழ்வதால் 'மேட்டுப்பக்கம்', 'பள்ளத்துப்பக்கம்' என்றே திசை சொல்கிறார்கள், சமதளத்து மேசைமேல் இருக்கும் இரண்டு பாட்டில்களுக்கும்கூட. மலையாளத்திலும் கிழக்கு 'கிழக்கு'தான். ஆனால் கேரளத்தில் கிழக்கேதான் மலை நிற்கிறது. இதைப் பிடித்துக்கொண்டுதான் கால்டுவெல், அந்த மொழி மலைக்கு இந்தப் பக்கமிருந்து போனது என்று வாதாடினார்.

கடலோரத்தில் காற்றே திசையாகிறது. வடக்கே இருந்து வருவது வாடை, கிழக்கே இருந்து கொண்டல், தெற்கே இருந்து சோழகம், மேற்கே இருந்து கச்சான். யாழ்ப்பாணத்திலும் இதே பெயர்கள். (அங்கே கடைக்குப் போய்க் கச்சான் கேட்டால் காற்று கிடைக்காது, வேர்க்கடலை கிடைக்கும்.) வானம் பார்க்கிற விவசாயி "ஈசானி மூலையில கருக்குது" என்கிறார். படுக்கிறபோது வடக்கே தலை வைக்கக் கூடாது. சமையலறை அக்கினி மூலையில். விளக்கு கிழக்கே பார்த்து. வெளியூர் லாட்ஜில் அறை எடுத்த முஸ்லிம் பயணி பாயை விரிக்கும் முன் கிப்லா எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொள்கிறார். இப்படி ஒரு நாளைக்குப் பல தடவை திசையைத் தொட்டுக்கொண்டே வாழ்கிறவருக்கு, செம்பைத் தெற்கே தள்ளச் சொல்வது தானாக வருகிறது.

அதற்காகக் கிராமத்தாருக்கு இடமும் வலமும் தெரியாது என்று யாராவது நினைத்தால் அவர் ஏர் பூட்டுவதைப் பார்த்ததில்லை என்று அர்த்தம். வலத்து மாடு, இடத்து மாடு என்று பழக்கி வைத்திருப்பார்கள். மாற்றிப் பூட்டினால் இரண்டும் மல்லுக்கட்டும். மாடு திரும்பும்போது ஏரும் திரும்புகிறது, உழுகிறவரும் திரும்புகிறார். அங்கே திசை உதவாது, உடம்புதான் உதவும். பந்தியில் இலை போடும்போதும் அதே கதை. நுனி சாப்பிடுகிறவரின் இடப்பக்கம் இருக்க வேண்டும். எதிர்வரிசைக்காரருக்கு அது நேர்மாறான திசையில் விழும். அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. வழி சொல்லும்போது "சோத்தாங்கைப் பக்கம் திரும்பு" என்றால் எந்தக் குழந்தைக்கும் புரியும். எந்தக் கை சோற்றுக்கு, எந்தக் கை கழுவ என்று சமூகம் வகுத்து வைத்திருப்பதால் அந்தச் சொல்லுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. "மேக்க நகந்து உக்காரு" என்று சொன்ன அதே ஆச்சி, இலை நுனி மாறியிருந்தால் பதறி எழுந்து சரிசெய்வார். எந்த வேலைக்கு எந்தக் கணக்கு என்பதை வேலைதான் தீர்மானிக்கிறது.

எந்தத் தெரு?

திசையை நிலம் மட்டும் தீர்மானிக்கவில்லை. ஊருக்குப் புதிதாக வந்தவரிடம் "எந்தத் தெரு?" என்று கேட்டால் அது பாதி நேரம் வழி கேட்பதற்காக அல்ல. மேலத்தெரு, கீழத்தெரு, வடக்குத்தெரு என்று வாயிலிருந்து வந்ததும், கேட்டவருக்குச் சாதி தெரிந்துவிடும். நாற்காலியைக் காட்டுவதா, திண்ணையோடு நிறுத்துவதா என்று முடிவாகிவிடும். எந்தச் சாதி எந்தத் திசையில் என்பது ஊருக்கு ஊர் மாறும். ஆனால் திசைதான் சாதி என்கிற ஏற்பாடு பல ஊர்களுக்குப் பொது. இந்த ஊர்களில் திசையறிவு என்பது புவியியல் ஞானம் மட்டுமல்ல. எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது, எந்தப் பக்கம் செருப்போடு நடக்கலாம் என்கிற அறிவும்தான். பிள்ளைகள் அதை நடக்கும்போதே கற்றுக்கொண்டார்கள், சிலர் அடிபட்டுக் கற்றுக்கொண்டார்கள். கிராமத்தாரின் திசைத் திறமையை வியக்கிற கட்டுரைகளில் இது வருவதில்லை. வந்தாக வேண்டும் என்று நினைக்கிறேன்.

இடமும் வலமும் மட்டும் பாவம் அறியாதவையா? சோழர் காலத்துக் கல்வெட்டுகளிலேயே வலங்கை, இடங்கைப் பிரிவுகள் தென்படுகின்றன. சாதிகளை இரண்டு கைகளாகப் பிரித்த அந்த ஏற்பாடு பிரிட்டிஷ் மதராஸ் வரைக்கும் வந்து தெருச்சண்டையானது. எந்தத் தெருவில் யார் கல்யாண ஊர்வலம் போகலாம் என்று 1707-ல் மூண்ட தகராறில், ஆளுநர் தாமஸ் பிட் தெருக்களைப் பிரித்துக்கொடுத்துச் சமாதானம் பேச வேண்டியிருந்தது.

இந்த இடம், வலத்துக்குத் தத்துவத்திலும் மகுடம் சூட்டினார்கள். 1768-ல் ஜெர்மானியத் தத்துவஞானி இம்மானுவேல் கான்ட், இடத்தைப் பற்றிய நம் அறிவெல்லாம் நம் உடம்பின் முன், பின், இடம், வலத்திலிருந்தே பிறக்கிறது என்று ஒரு கட்டுரை எழுதினார். மேலைத் தத்துவமும் உளவியலும் வெகுகாலம் அதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டன. அந்தப் பண்டிதர்கள் யாரும் ஒரு கிராமத்துப் பந்தியில் உட்கார்ந்து பார்த்தவர்கள் அல்லர்.

மலைப்பக்கம் மூன்று அடி

பாலித் தீவில் நடந்த ஒரு சம்பவம், இந்தப் பழக்கத்தின் பலம் எங்கே, பலவீனம் எங்கே என்று இரண்டையும் சேர்த்துக் காட்டும். 1930-களில் அங்கே வாழ்ந்த கனடா நாட்டு இசைக்கலைஞர் காலின் மெக்ஃபீ, நாட்டியத்தில் சூட்டிகையான ஒரு சிறுவனை வேற்றூர் ஆசிரியரிடம் கொண்டுபோய் விட்டார். சில நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் பையன் சோர்ந்து கிடக்கிறான், ஆசிரியர் அலுத்துப்போயிருக்கிறார். என்ன சொன்னாலும் பையனுக்குப் புரியவில்லை என்பது ஆசிரியரின் புகார். அவர் சொன்னதெல்லாம் "மலைப்பக்கம் மூன்று அடி வை, கிழக்கே கையை நீட்டு" என்கிற ரீதியில். பாலியில் நாட்டியத்துக்கும் வீட்டுக்கும் கோயிலுக்கும் அதுதான் மொழி: மலைப்பக்கம், கடல்பக்கம், அதோடு கிழக்கு, மேற்கு. தீவின் நடுவே மலை என்பதால், தென்கரையில் வடக்காக இருக்கும் 'மலைப்பக்கம்' வடகரைக்குப் போனால் தெற்காகிவிடும். புது ஊரில் மலை எந்தப் பக்கம் என்று பையனுக்குப் பிடிபடவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஆகிவிட்டது. "முன்னால் மூன்று அடி" என்று சொல்லிக்கொடுத்திருக்கலாமே என்று நமக்குத் தோன்றுகிறது. ஆசிரியருக்கு அப்படித் தோன்றவே இல்லை.

நாட்டியத்தை வைத்தே ஒரு சோதனையும் பிற்பாடு நடந்தது. 2009-ல் டேனியல் ஹானும் கிறிஸ்டியன் ராபோல்டும் நமீபியாவின் ஹைஓம் சிறுவர்களுக்கும் ஜெர்மன் சிறுவர்களுக்கும் ஒரு சின்னக் கையாட்டத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டுத் திருப்பி நிறுத்தி ஆடச் சொன்னார்கள். ஜெர்மன் பிள்ளைகள் வலது கை வலது கையாகவே ஆடினார்கள். ஹைஓம் பிள்ளைகளில் பெரும்பாலோர் கைகளை மாற்றி ஆடினார்கள். கை மாறினால் என்ன, அசைவு போகவேண்டிய திசை மாறக் கூடாது! சொந்த உடம்பின் அசைவுகூட இப்படி வேறு வேறாக நினைவில் தங்குகிறது.

காலம்கூடத் தப்பவில்லை. ஹோப்வேலுக்கு எதிர்க்கரையில், கேப் யார்க் தீபகற்பத்தின் மேற்குப் பக்கம் இருக்கும் போர்ம்புராவ் என்ற ஊரில் லெரா பொரொடிட்ஸ்கியும் ஆலிஸ் கேபியும் படங்களைக் கொடுத்துக் கால வரிசைப்படி அடுக்கச் சொன்னார்கள்: மனிதன் மூப்படைவது, முதலை வளர்வது, வாழைப்பழம் தின்னப்பட்டுத் தீர்வது. ஆங்கிலம் படிப்பவர் இடமிருந்து வலமாக அடுக்குவார், ஹீப்ரு படிப்பவர் வலமிருந்து இடமாக. இந்த ஊர்க்காரர்கள் கிழக்கிலிருந்து மேற்காக அடுக்கினார்கள். தெற்கே பார்த்து உட்கார்ந்தால் இடமிருந்து வலம், வடக்கே பார்த்தால் வலமிருந்து இடம், கிழக்கே பார்த்தால் தங்கள் உடம்பை நோக்கி. எந்தப் பக்கம் திசை என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

சிறையா, சாய்மானமா?

'மொழி சிந்தனையை ஆள்கிறது' என்ற வாதம் பழையது. அதோடு பெயர் ஒட்டிக்கொண்ட பெஞ்சமின் லீ வோர்ஃப், அமெரிக்காவில் தீ விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே மொழிகளை ஆராய்ந்தவர். ஹோப்பிப் பழங்குடிகளின் மொழியில் நாம் அறிந்த மாதிரியான காலம் என்பதே இல்லை என்றார். 1983-ல் எக்கெஹார்ட் மலோட்கி ஒரு தடித்த புத்தகம் முழுக்க ஹோப்பியின் காலச் சொற்களை அடுக்கி அதைப் பொய்யாக்கினார். அதிலிருந்து இந்தப் பக்கம் வருகிற ஆராய்ச்சிகளைப் பலர் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். சந்தேகம் நல்லதுதான்.

பொம்மைச் சோதனைக்கும் எதிர்ப்பு வந்தது. 2002-ல் பெகி லீயும் லைலா கிளைட்மனும், அமெரிக்க மாணவர்களை வைத்தே, ஜன்னல் திரையை ஏற்றி இறக்கியும், மேசையில் அடையாளப் பொருள்களை வைத்தும், விடையை இப்படியும் அப்படியும் சாய்க்க முடியும் என்று காட்டினார்கள். மொழி மாறவில்லை, சூழல்தான் மாறியது. அப்படியானால் மொழிக்கு இதில் என்ன வேலை என்று கேட்டார்கள். லெவின்சன் தரப்பு சும்மா இருக்கவில்லை, அதே வருடம் பதில் எழுதியது. பிறகு 2011-ல் லீயும் கிளைட்மனும் வேறு சிலரும் டெனெஹாபாவுக்கே போய், இதுதான் சரி என்று ஒரே விடை இருக்கும்படி சோதனையை அமைத்தபோது, மாயா மக்கள் உடம்புக் கணக்கையும் நன்றாகவே போட்டார்கள்.

என் கணிப்பில் இரண்டு தரப்பும் ஒரே பொருளை இரண்டு முனையில் பிடித்திருக்கின்றன. முடியுமா என்று கேட்டால் யாருக்கும் எதுவும் முடியும். நம் ஆச்சிக்கு இலை நுனி தெரிகிற மாதிரி. எதைச் சொல்லாமலே செய்வார்கள் என்று கேட்டால்தான் வித்தியாசம் தெரிகிறது. பேச்சு போடுவது பூட்டு அல்ல, சாய்மானம். அந்தச் சாய்மானத்தைப் பேச்சுக்குக் கொடுப்பது வயலும் தெருவும் சடங்கும் பள்ளிக்கூடமும். ஹான், லெவின்சன் முதலானோர் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு இன்னொரு திருப்பம் தந்தது. ஓராங்குட்டான், கொரில்லா, பொனோபோ, சிம்பன்சி நான்கும், நான்கு வயது ஜெர்மன் குழந்தைகளும், ஒளித்து வைத்த பொருளைத் தேடும்போது உடம்பைவிடச் சுற்றுப்புறத்தை நம்புவதே அதிகம் என்று அது சொன்னது. அப்படிப் பார்த்தால் கான்ட் இயற்கை என்று நினைத்ததுதான் பள்ளிக்கூடத்தில் ஏறிய பழக்கம்.

வாரணாசியில் ரமேஷ் மிஷ்ராவும் சுவிட்சர்லாந்தின் பியர் டாசனும் செய்த வேலை எனக்கு இங்கே நினைவுக்கு வருகிறது. ஒரே நகரம். ஒரு பக்கம் இந்திவழிப் பள்ளிப் பிள்ளைகள், இன்னொரு பக்கம் சமஸ்கிருத பாடசாலைப் பிள்ளைகள். பாடசாலைப் பிள்ளைகள்தான் திசைக் கணக்கில் அதிகம் பேசினார்கள், அதிகம் நினைவும் வைத்தார்கள். எந்தத் திசை பார்த்து உட்கார்ந்து சந்தி செய்வது, எந்தத் திசையில் எந்தத் தேவதை என்று நாள் முழுக்கத் திசையோடு புழங்கும் வாழ்க்கை அது. வீட்டில் பேசும் மொழி இரு சாராருக்கும் ஒன்றுதான்.

மேல கோபுரமும் நார்த் ஃபேசிங்கும்

மதுரை ரயில் நிலையத்தில் இறங்கி மீனாட்சியம்மன் கோயிலுக்கு வழி கேட்டால், பழைய கடைக்காரர் "டவுன்ஹால் ரோட்டுல நேரா கெழக்க போங்க, மேல கோபுரம் வந்துரும்" என்பார். கிழக்கே போனால் மேல கோபுரம் எப்படி வரும் என்று வெளியூர்க்காரர் ஒரு கணம் திகைப்பார். கோயிலுக்கு மேற்கே நிற்கிறீர்கள், ஆகவே கிழக்கே நடந்தால் முதலில் எதிர்ப்படுவது மேற்குக் கோபுரம். அவருக்கு அது இரண்டும் இரண்டும் நாலு. மேலமாசி வீதி, கீழமாசி வீதி, வடக்குமாசி வீதி, தெற்குமாசி வீதி என்று அந்த நகரமே திசையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறது. அதே கடையில் நிற்கும் பையன் "ஸ்ட்ரெய்ட்டா போங்கண்ணே, அப்பிடியே கோபுரம் தெரியும்" என்கிறான். இரண்டு பேரும் ஒரே வீட்டில் சாப்பிடுகிறவர்களாகவும் இருக்கலாம்.

நகரத்தில் இடது, வலது என்ற தமிழ்ச் சொற்கள்கூடப் பேச்சில் அடிபடுவதில்லை. "லெஃப்ட்ல கட் பண்ணுங்க", "ரெண்டாவது ரைட்" என்றுதான் ஆட்டோவுக்கு வழி சொல்கிறோம். (பஸ் கண்டக்டர் "ரைட், ரைட்" என்றால் மட்டும் வண்டி நேரே போகும்.) நகரம் அதற்கேற்ற இடம்தான். சூரியனை மறைக்கும் கட்டடம், வளைந்து நெளியும் சந்து, நாளுக்கொன்றாக மாறும் ஒருவழிப்பாதை. பக்கத்து வீட்டுக்காரரோடு பொதுவான வாய்க்காலும் இல்லை, வரப்பும் இல்லை. சாப்பாடு கொண்டுவரும் தம்பிக்கு அந்த லெஃப்ட்டும் ரைட்டும்கூட அலுத்துவிட்டது. "சார், லேண்ட்மார்க் சொல்லுங்க" என்கிறார். மேசையில் அடையாளம் வைத்துப் பார்த்த லீயும் கிளைட்மனும் இதைக் கேட்டால் மகிழ்வார்கள்.

கூகுள் மேப்ஸ் மட்டும் பிடிவாதமாக முதல் வரியில் வடக்கு நோக்கிச் செல்லச் சொல்கிறது. வடக்கு எது? பத்து அடி நடந்து, நீலப்புள்ளி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துவிட்டு, திரும்பி நடக்கிறோம்.

திசை நகரத்துக்குள் திரும்பி வருகிற சந்தர்ப்பம் ஒன்று உண்டு. வீடு வாங்கும்போது. "நார்த் ஃபேசிங்கா, ஈஸ்ட் ஃபேசிங்கா?" என்று அதுவரை வாழ்நாளில் கேட்காத கேள்வியைக் கேட்கிறார்கள், கிழக்குப் பார்த்த பிளாட் முதலில் விற்றுப்போகிறது, தெற்குப் பார்த்தது பேரத்துக்கு நிற்கிறது. நடுக்கூடத்தில் நின்று கைப்பேசியின் திசைகாட்டியைத் திறந்து, அது தள்ளாடி நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார்கள். இதில் திசை இருக்கிறது, திசைப் பேச்சு இல்லை. அந்த வீட்டுக்குள் குடிபோன பிறகு யாரும் யாரிடமும் ரிமோட்டை மேற்கே நகர்த்தச் சொல்லப்போவதில்லை.

ஆனாலும் பத்திரம் பழைய பத்திரம்தான். எட்டாவது மாடியில் இருக்கும் பிளாட்டுக்கும் செக்குபந்தி எழுதியாக வேண்டும். பதிவு அலுவலகத்துக்கு வெளியே பத்திர எழுத்தர் கணினியில் தட்டிக்கொண்டே கேட்பார்: "வடக்க காமன் காரிடார்னு போட்டாச்சு. தெக்க என்ன சார், லிஃப்ட்டா, பக்கத்து பிளாட்டா?" வாங்குகிறவர் மனைவியைப் பார்ப்பார், மனைவி பிள்ளையைப் பார்ப்பார். கடைசியில் பில்டருக்கு ஃபோன் போகும்.